பின்னால் நின்று சொல்ல வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் முன்னால் நான் காருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து "எரியுதா?" என்பார். பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டையும் பார்த்து "எரியுது" என்று நான் சொல்ல வேண்டும். பிறகு இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு சாந்தோம் தெருவில் நின்று இப்படி ஒப்பித்தால் போகிறவர் வருகிறவர் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "வேற எந்த வீட்லயாவது பொம்பளைங்க இந்த வேலை பாக்கறாங்களா?" என்று கேட்டால், "வேற எந்த வீட்லயும் டிரைவர் இல்ல டீச்சர்" என்பார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்தியதில் வீட்டிலும் எனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் ஒரு கம்பெனியில் மேனேஜருக்குக் கார் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது, பதினோரு வருடம் தான் ஓட்டிய அதே காரைக் கம்பெனி அவருக்கே கொடுத்துவிட்டது. பெரிய இடத்து வண்டி. பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஏபிஎஸ், திருப்பத்தில் வழுக்காமல் இருக்க இன்னொன்று என்று அந்தக் காலத்திலேயே எல்லாம் அதில் இருந்தது. எங்கள் மாதா கோயில் பங்கில் நடக்க முடியாத அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். அவர்களை வாராவாரம் இவர்தான் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஸ்டீயரிங்குக்கு எதிரே மாதா சுரூபம் இருக்கிறது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். வாழ்நாளில் ஒரு கீறல் போட்டதில்லை. மற்ற எதற்கும் அவர் பெருமையடித்து நான் கேட்டதில்லை. இதை மட்டும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் வந்தது மஞ்சள் விளக்கு. நந்தனம் சிக்னல் தாண்டியதும் மீட்டருக்குள் இரண்டு விளக்குகள் சேர்ந்து எரிந்தன. ஒன்று ஏபிஎஸ், மற்றது வழுக்குகிற கார் படம். ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தார். போய்விட்டது. மூன்று நாள் கழித்து அடையாறு பாலத்தில் திரும்ப எரிந்தது. ஆதம்பாக்கத்தில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். டாக்டரைப் பார்த்ததும் இருமல் நின்றுபோகிற மாதிரி, அங்கே போனதும் ஒன்றும் எரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"இன்னாம்மா பண்றது, ஃபால்ட்டு வந்து வந்து போய்க்கினு கீது. நின்னு எரிஞ்சா புடிச்சிரலாம்" என்றார் மெக்கானிக்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்க இடது சக்கரத்தின் வேகத்தைக் கவனிக்கிற சென்சார் என்றார். மாற்றினார். பத்து நாள் சும்மா இருந்தது, பிறகு எரிந்தது. எர்த் ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒரு வாரம் தாங்கியது. பாட்டரி வீக் என்று அதையும் மாற்றினார், நாலே நாள். மனுஷர் ஒவ்வொரு முறையும் நல்ல மனசோடுதான் செய்தார், அதனால் திட்ட மனம் வரவில்லை. திட்டினேன், அது வேறு விஷயம்.

அப்புறம்தான் பிரேக்கே பிடிக்காமல் போயிற்று. லஸ் பக்கம் முன்னால் நின்றிருந்த ஆட்டோவின் பின்னால் போய் மெல்ல முட்டினார். யாருக்கும் அடி இல்லை. ஆட்டோக்காரர் கத்துகிறார், இவர் தன் பம்பரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"மிதிச்சேன் டீச்சர். நல்லாத்தான் மிதிச்சேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு" என்றார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மஞ்சள் விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்தாக வேண்டுமாம். பிரேக் ஆயிலைப் பார்த்தார், நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார், தானே ஓட்டிப் பார்த்தார். நிறுத்திய இடத்தில் நின்றது. கழற்றிப்போட்ட செருப்பு பெடலுக்கு அடியில் சறுக்கிப் போயிருக்கும் என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. அன்றிலிருந்து அவர் செருப்பு ஒரு துணிப்பையில் என் மடியில்தான் பிரயாணம் செய்தது. கடைசியாக மெக்கானிக் ஸ்டீயரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் எதையோ சொருகிவிட்டார். வண்டியில் நடப்பதை எல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும் என்றார்.

அந்த வாரமே ஆழ்வார்பேட்டையில் நடந்தது. காலை நேரம், சிக்னல் சிவப்பு. குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே போகிறாள். எங்கள் கார் வேகம் குறையவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு மிதிக்கிறார். செருப்புப் பை என் மடியில் இருக்கிறது. நான் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒரு முழம் தள்ளி நின்றது. அந்தப் பெண் எங்களைத் திட்டக்கூட இல்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். மீட்டரில் மஞ்சள் விளக்கு இரண்டும் எரிந்தன.

"பாத்தியா, பிரேக் புடிக்கல" என்றார். நான் கண்ணால் பார்த்துவிட்டேன் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

மெக்கானிக்கே வந்து காரை எடுத்துப் போனார். மறுநாள் கூப்பிட்டபோது, அந்த வண்டி மூஞ்சியிலேயே விழிக்க மாட்டேன் என்று இவர் வர மறுத்துவிட்டார். நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன்.

"லைட்டு மேட்டர் முடிஞ்சுதும்மா. சென்சாருக்குப் போற ஒயரு உள்ளுக்குள்ள அறுந்து, ஆடுறப்போ விட்டு விட்டு ஒட்டிக்கினு இருந்துச்சு. மாத்திட்டேன், இனி எரியாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஒரு கோட்டைக் காட்டினார். பிரேக் பெடலின் கோடு. மிதித்த இடத்தில் எல்லாம் ஏறி இறங்கியிருந்தது. ஆழ்வார்பேட்டை நேரத்தில் தட்டையாகக் கிடந்தது.

"அப்படின்னா?"

"பெடல் மேல காலே வெக்கலம்மா."

"நான் பக்கத்துல இருந்தேன். மிதிச்சாரு."

"மிதிச்சிருப்பாரு. பக்கத்துல தரையை மிதிச்சிருப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "சாருக்கு சுகர் கீதா?" என்று கேட்டார்.

இருந்தது, பதினெட்டு வருடமாக. வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிச் சில்லு பாதி உள்ளே ஏறியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எத்தனை நாளாகவோ. நகத்தால் நெம்பி எடுத்தேன். அவர் விழிக்கவே இல்லை. சில்லைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். புண்ணுக்கு மருந்து போடப் போனபோது, அவர் சோதனைக்கு ரத்தம் கொடுக்க உள்ளே போன நேரம் பார்த்து டாக்டரிடம் கேட்டேன். இனிமேல் ஓட்ட விடாதீர்கள், காலில் போன உணர்ச்சி திரும்பி வராது என்றார்.

ஊருக்கே வாய் கிழியப் பேசுகிற எனக்கு இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. காரில்தான் கோளாறு, இந்தப் பழைய மாடலுக்கு பிரேக் சாமான் கிடைக்கவில்லை, வந்ததும் போடலாம் என்று மெக்கானிக்கைச் சொல்ல வைத்தேன். "பாவம்மா இது" என்று முணுமுணுத்தார், ஆனாலும் சொன்னார். கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அக்காவும் தங்கையும் ஆட்டோவில் பூசைக்குப் போனார்கள். பாட்டரி இறங்கிவிடும் என்று இவர் தினமும் காலையில் உள்ளே உட்கார்ந்து பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவார். சாமான் வந்துவிட்டதா என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அவராவது கேட்காமல் இருப்பதாவது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"டீச்சர், பின்னால போய் நில்லு."

"வண்டி எங்க போகுது, நான் நிக்கறதுக்கு?"

"நில்லேன்."

போய் நின்றேன்.

"எரியுதா?"

இரண்டு விளக்கும் அணைந்துதான் இருந்தன. "எரியுது" என்றேன், சத்தமாக.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தார். "நான் இன்னும் காலை எடுத்தே வெக்கல டீச்சர்."

அவர் திரும்பி, கீழே காலைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. எரியுதா?"

"இல்லங்க."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

எரிந்தது. இரண்டு பக்கமும் நன்றாகவே எரிந்தது.

"எரியுதுங்க" என்றேன். "மாதா மேல ஆணையா எரியுது."

"எனக்காகச் சொல்லாத டீச்சர்" என்று சொல்லி என்ஜினை அணைத்தார்.