தருமன் இடப்பக்கம் திரும்பிய கதை

அடி அண்ணாமலைத் தருமன் கடலில் ஒரு பெண்பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டான்; அந்தப் பிள்ளையின் ஆவி அவனைப் பிடித்துக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் களத்தைத் தலைகீழாகச் சுற்றவைக்கிறது.

எண்பத்து மூன்றாம் வருடம் மார்கழியில், திருவண்ணாமலையில் என் தாடையில் நுரை பூசிவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சக்கரபாணி சொன்ன தகவல் இது. கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி இருக்கும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சக்கரபாணியின் சலூனில் பிறக்கிற செய்தி ஊரில் நிலைத்துவிடுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"தலைகீழான்னா எப்படி?" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"எடமா சார். நாம மலைய எப்படிச் சுத்துறோம்? மலை வலது கைப் பக்கம் இருக்கும். இவன் எடது கைப் பக்கம் வெச்சு சுத்துறான். சைக்கிள்ல! நடுவுல பொண்டாட்டிக்காரி நின்னுக்கிட்டு 'ஆளு தண்ணியில, ஆளு தண்ணியில'ன்னு கத்துதாம். களத்துல ஏது சார் தண்ணி?"

"நீ பார்த்தியா?"

"பால்காரர் பாத்தாரு."

பால்காரரைக் கேட்டேன். பார்த்தது அவருடைய மச்சானாம். மச்சானைக் கேட்டேன். அவர் சக்கரபாணி கடையில் கேள்விப்பட்டாராம்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. தருமன் வருடாவருடம் கோடையில் தன் கிணற்றில் ஊர்ப்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர். முப்பது பிள்ளைகளாவது குதிக்கும் கிணறு அது. அந்த வருடம் கோடையில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம் என்று பேர் வாங்கியிருந்த ஆளிடம், ஊர் தன் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை அடி அண்ணாமலைக்குப் போனேன். சக்கரபாணி பொய் சொல்லவில்லை, அதுதான் அதிர்ச்சி. களத்தில் தருமன் சைக்கிளில் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நடுவில் அவர் மனைவி ஜோதியம்மாள், கையில் ஓர் அலுமினியச் சொம்போடு நின்றிருந்தார். ஓரத்தில் ஒரு கழி. அதன் உச்சியில் சிவப்புத் துண்டு.

திடீரென்று ஜோதியம்மாள் சொம்பை அவருக்குப் பின்னால் வீசியெறிந்தார். "ஆளு தண்ணியில!" என்று ஒரே கத்து. கத்திவிட்டு வலது கையை நீட்டிச் சொம்பைக் காட்டியபடி சிலையாக நின்றார். தருமன் ஒரு கணம் துண்டைப் பார்த்தார், சைக்கிளை அந்தப் பக்கமாக ஒடித்தார், வளைந்து வந்து சொம்பைக் குனிந்து எடுத்தார். ஜோதியம்மாள் கழியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டார். மறுபடி சொம்பு, மறுபடி கத்து. மூன்று முறை சரியாக வந்தது. நான்காவது முறை துண்டு இடப்பக்கம் இருந்தது. தருமன் வலப்பக்கம் திரும்பினார்.

ஜோதியம்மாள் நீட்டிய கையை இறக்கவில்லை. "செத்துச்சு உன் புள்ள," என்றார். "இன்னும் என்னாத்த வர்ற? போய் மொதல்லருந்து சுத்து."

தருமன் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பேப்பர்காரரா? எழுதிக்குங்க. அஞ்சாறுக்கு ஒண்ணு இன்னும் தப்புது. பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள் மெட்ராஸ்ல பரீட்சை. பத்து தடவ கடல்ல மூட்டையப் போடுவாங்க, பத்தும் எடுக்கணும். ஒண்ணு தப்புனாலும் இனிமே எங்கையில புள்ளைங்களக் குடுக்க மாட்டாங்க."

எண்ணிப் பார்த்தேன். இருபத்தைந்து நாள் இருந்தது.

தருமன் பதினேழு வயதில் வேலூரில் ஆள் எடுத்தபோது கப்பற்படைக்குப் போனவர். பதினைந்து வருடம் இருந்துவிட்டு எழுபத்து நாலில் திரும்பிவந்து, மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை போட்டார். எழுபத்தாறில், அவருக்குப் படையில் மேலதிகாரியாக இருந்த பரசுராமன் கூப்பிட்டனுப்பினார். மெட்ராஸில் ஓர் அறக்கட்டளை இரண்டு பாய்மரம் வைத்த கப்பல் ஒன்றை வாங்கிவிட்டிருந்தது. நீலமேகம் என்று பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பத்துப் பத்து நாளாகக் கடலில் கூட்டிப்போய், பாய் ஏற்றவும் கயிறு இழுக்கவும் காவல் இருக்கவும் பழக்குவார்கள். பரசுராமன் கேப்டன். தருமன் பொங்கல் முடிந்து போவார், சித்திரைக்கு முன் வந்துவிடுவார். மற்ற ஒன்பது மாதமும் மல்லாட்டை.

கப்பலில் தருமன் வைத்த சட்டம் இரண்டு.

தப்புச் செய்தவர் சோற்று அண்டாவைத் தேய்க்க வேண்டும். தப்பைக் கண்டுபிடித்தவர் பக்கத்தில் நின்று, தேய்த்து முடிக்கிறவரை பார்க்க வேண்டும்.

யாராவது கடலில் விழுந்தால், முதலில் பார்த்தவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. அழக் கூடாது, கயிறு தேடக் கூடாது. கையை நீட்டி விழுந்தவரைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், அவர் மேலே வரும்வரை. "கடல்ல ஒரு தலை தேங்கா அளவுதான் தெரியும். கண்ண எடுத்தா அவ்ளோதான்," என்பார்.

எண்பத்து மூன்று மாசியில் பெண்பிள்ளைகள் அணி ஒன்று வந்தது. பத்துப் பேர், கூட ஒரு டீச்சர். அதில் ஒருத்தி கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டிக்காரர் சின்னசாமியின் மகள் சந்திரகலா, பதினாறு வயது. அவளைச் சேர்க்கத் தருமன் நான்கு முறை மண்டிக்கு நடந்தார். "பொட்டப்புள்ளைக்குக் கடல்ல என்னா வேல?" என்று மூன்று முறை திருப்பி அனுப்பிய சின்னசாமியிடம் நான்காம் முறை சொன்னார்: "எங்கையில குடு. எங்கையாலயே திருப்பி வாங்கிக்க."

ஆறாம் நாள் பகல். கப்பல் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது முதுகுக்குப் பின்னால் இடப்பக்கமிருந்து, அடித்தது. வலப்பக்கம் தூரத்தில் கரை. சுக்கான் சக்கரம் தருமன் கையில். கேப்டன் கீழே வரைபடத்தில் குனிந்திருந்தார்.

சந்திரகலா காலையில் முடிச்சுத் தப்பாகப் போட்டதற்காக அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தவள் ராயபுரத்துக் கஸ்தூரி, பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். தேய்க்க இடைஞ்சலாக இருக்கிறதென்று சந்திரகலா மிதவைச் சட்டையைக் கழற்றி வைத்திருந்தாள். அலசுவதற்கு வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டாள். கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சும்மா நிற்கும். ஓடுகிற கப்பலிலிருந்து விட்ட வாளி நிற்காது. ஒரே இழுப்பு. வாளி போனது, கயிறு போனது, பின்னாலேயே பிள்ளையும் போனாள்.

"ஆளு தண்ணியில!" கஸ்தூரியின் கை நீண்டுவிட்டது. இன்னொருத்தி மிதவை வளையத்தைத் தூக்கியெறிந்தாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. தருமன் சக்கரத்தை வலப்பக்கம் சுழற்றினார்.

திரும்ப வேண்டியது இடப்பக்கம், காற்று வரும் பக்கம். அப்படித் திரும்பினால் கப்பல் வேகம் தணிந்து, வளைந்து, விழுந்தவரிடம் வந்து நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் காற்று முழுசாக முதுகில் ஏறும். பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்துகொண்டு பாயும். பாய்ந்தது. பாயின் அடியைத் தாங்கும் பனஞ்சட்டம் போன்ற கட்டை, தளத்தை ஒரே வீச்சில் கடந்தது. பிள்ளைகள் குப்புற விழுந்தார்கள். டீச்சரின் கொண்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போயிற்று. ஒரு கயிறு தெறித்து அறுந்தது. கப்பல் சந்திரகலாவை விட்டுவிட்டுக் கரைப்பக்கம் ஓடத் தொடங்கியது.

கட்டைக்குக் குனிந்த கஸ்தூரி கையை மட்டும் இறக்கவில்லை. "அண்ணா, அந்தப் பக்கம் இல்ல! காத்துப் பக்கம்! நீதானடா சொன்ன!" அந்த நேரத்தில் மரியாதையும் கடலில் விழுந்துவிட்டது.

கேப்டன் மேலே ஓடிவந்து எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். அது இருமிவிட்டு நின்றது. அறுந்த கயிற்றை முடிந்து, பாயைப் பிடித்து, கப்பலைத் திருப்புவதற்குள் பின்னால் கடலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தருமனுக்குத் தெரியவில்லை, கேப்டனுக்குத் தெரியவில்லை. கஸ்தூரிக்கு மட்டும் தெரிந்தது. கப்பல் திரும்பத் திரும்ப அவள் கையும் திரும்பியது; கண் இமைக்கவில்லை, கன்னத்தில் நீர் வழிந்தது. தருமன் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தே ஓட்டினார்.

பதினோரு நிமிடம். வளையத்தைக் கட்டிப்பிடித்தபடி, உதடு நீலம் பாரித்து மிதந்தவளை இழுத்துப் போட்டார்கள். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "வாளி போச்சுண்ணா."

கப்பல் அன்றைக்கே மெட்ராஸுக்குத் திரும்பியது. கேப்டன் குறிப்பேட்டைத் திறந்து வைத்தார். "திடீர்க் காத்துன்னு எழுது தருமா. யாருக்கும் வம்பில்ல."

"காத்து மேல ஏன் சார் பழி?"

"உன்னத் தூக்கிடுவாங்கடா."

"தூக்கட்டும். காத்துன்னு எழுதுனா, அடுத்து வர்றவன் இதே தப்பப் பண்ணுவான்."

'காற்று சீராக இருந்தது. சக்கரத்தைத் தவறான பக்கம் திருப்பியவன் நான்.' இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறக்கட்டளை அவரை வீட்டுக்கு அனுப்பியது. மறுவருடம் பரீட்சையில் தேறினால் பார்க்கலாம் என்றது.

"ஏன் வலப்பக்கம்?" என்று களத்தில் உட்கார்ந்து கேட்டேன். "பதினைந்து வருஷம் கப்பல்ல இருந்தவர்."

"அது எஞ்சின் கப்பலுங்க, எந்தப் பக்கம் திருப்புனாலும் போவும். இதுல ஏழு வருசம் ஓட்டியும் ஒருத்தரும் விழுந்ததில்ல." கொஞ்ச நேரம் எதிரே நின்ற மலையைப் பார்த்தார். "நான் திருப்பல. ஒடம்பு திருப்புச்சு. கரை வலது கைப் பக்கம் இருந்துது. நடக்கத் தெரிஞ்ச நாளா மலைய வலது கைப் பக்கம் வெச்சே சுத்துன ஒடம்பு. பயந்ததும் தனக்குத் தெரிஞ்ச பக்கம் போயிடுச்சு."

"அதுக்குத்தான் துண்டு இருக்கிற பக்கம் காத்து வருதுன்னு வெச்சு எடமா சுத்த வெக்கிறேன்," என்றார் ஜோதியம்மாள். "ஊரு என்னாமோ சொல்லட்டும். மலையவா எடமா சுத்தச் சொன்னேன்? களத்தத்தான சொன்னேன்?"

மீதியைச் சரிபார்க்கக் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். சந்திரகலாவைத் தருமன் தானே கூட்டிவந்து, நடந்ததை ஒன்று விடாமல் சின்னசாமியிடம் சொல்லியிருந்தார். சின்னசாமி மகளைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, "திருப்பிக் குடுத்துட்ட. போ," என்றாராம். அதற்குப்பின் பேச்சில்லை. ஆனால் மண்டியில் பத்து மூட்டைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் தண்ணீர் குடித்த பிள்ளை, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் செத்தே போனாள்.

செத்தவள் எனக்கு ஒரு முறத்தில் வறுத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தாள். "பேய் கையால தின்றீங்க சார், பாத்து. ஜாஸ்தி தின்னா புடிச்சுக்கும்."

"மறுபடி போவியா?"

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நான் போவணும்னுதான் இருக்கேன். தருமண்ணன் பரீட்சைல தேறுனா பாக்கலாம்ங்கிறாரு அப்பா. தேறலன்னா நானும் வீட்டோடதான்."

பொங்கல் கழிந்து நான்காம் நாள் துறைமுகத்தில் ஜோதியம்மாளும் வந்து நின்றார். அதுவரை கடலைப் பார்த்திராதவர். கை காட்ட ஒரு மாலுமியை நிறுத்தியிருப்பதாகக் கேப்டன் சொன்னார். "களத்துல இத்தினி நாளு காட்டுனது நானு. இங்க வேற எவனோ காட்டுவானா?" என்று ஜோதியம்மாள் கப்பலில் ஏறிவிட்டார்; பின்னாலேயே நானும் ஏறினேன். முதல் மூட்டையிலிருந்தே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தியெடுத்தார். வலது கை மட்டும் ஆடவில்லை.

ஒன்பது மூட்டை வந்துவிட்டது. பத்தாவதற்குக் கேப்டன் வேண்டுமென்றே கப்பலைத் தெற்கே விடச்சொன்னார். அதே வடகிழக்குக் காற்று, அதே வலப்பக்கத்துக் கரை. நெடுநேரம் ஒன்றும் போடவில்லை.

மூட்டை விழுந்தது. தருமனின் தோள் வலப்பக்கம் திரும்பியது. பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். சக்கரம் ஒரு விரற்கடை வலப்பக்கம் போய் நின்றது. "யோவ்!" என்றார் ஜோதியம்மாள். அவ்வளவுதான். சக்கரம் இடப்பக்கம் சுழன்றது. கப்பல் காற்றை நோக்கி வளைந்து, தணிந்து, மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"தோளுக்கு மார்க் கெடையாது," என்றார் கேப்டன். "கப்பல் சரியாத் திரும்புச்சு. தேறிட்ட."

"தோள் போனத எழுதிக்கணும் சார்."

"எழுதித் தொலை."

மாசியில் சந்திரகலா மறுபடி கப்பல் ஏறினாள், கையில் ஒரு புது வாளியோடு. கோடையில் தருமன் கிணற்றில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. சக்கரபாணி, கப்பலை ஓட்டுவதே ஜோதியம்மாள்தான் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். அதை நான் சரிபார்க்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது. தப்புச் செய்தவர் அண்டா தேய்க்க வேண்டும், கண்டுபிடித்தவர் நின்று பார்க்க வேண்டும். எண்பத்து மூன்றில் கப்பல் அன்றைக்கே கரை திரும்பியதால் தருமன் தேய்க்கவில்லை. கஸ்தூரி அதற்குப்பின் படிப்பு, வேலை என்று போய்விட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கார்டு வருகிறது. வாழ்த்து ஒரு வரி. அடியில், 'அண்டா பாக்கி'.

"வேற யாரையாவது நிக்கவெச்சுத் தேச்சுட வேண்டியதுதானே?" என்றேன் ஒருமுறை.

தருமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்டுபுடிச்சது அவதானுங்களே?"

எண்பத்தெட்டுப் பொங்கல் கார்டு விசாகப்பட்டணத்திலிருந்து வந்தது. இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லையாம்.