தங்கையின் காரில் போன வைத்தியம்

டியூப் லைட் வெளிச்சத்துக்கு நேராக ஒரு பனியனைப் பிடித்து, எங்கேயாவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மரத்துப் போயின. துணி தெரிந்தது, அதைப் பிடித்திருந்த கைதான் என்னுடையதாக இல்லை. அடுத்து நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று. சாகப் போகிறேன் என்று தெளிவாகத் தோன்றியது. செக்கிங் மேசைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்துப் பனியன் ஊரில், ராயபுரத்தில், எங்கள் கம்பெனியும் வீடும் ஒரே கட்டடம். என் கணவர் கட்டிங் மேசையை விட்டு ஓடி வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து என் தங்கை மல்லிகா வந்தாள். அவள்தான் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். உயிர் போகிறது என்று நம்பிய அந்த நேரத்திலும், சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறாள் என்பது என் கண்ணில் பட்டது. என் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த உறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் குன்னத்தூர்ப் பக்கம் பிறந்தவர்கள். அண்ணன் தம்பி இருவரை அக்காளும் தங்கையுமாகக் கட்டிக்கொண்டோம். எண்பதுகளின் கடைசியில் பாகம் பிரிந்தபோது, உள்ளூர் வியாபாரம் போதும் என்று கேட்டு வாங்கியது என் கணவர்தான். அது நிலையானது என்று நினைத்தார். எக்ஸ்போர்ட் கொழுந்தனாருக்குப் போனது. சில வருஷங்களில் அவர்கள் வீட்டு மாடி உயர்ந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மல்லிகா கார் ஓட்டப் பழகினாள். எங்கள் தெருவில் அப்போது வேறெந்தப் பெண்ணும் ஓட்டியதில்லை. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. குறை சொல்ல ஓர் ஆள்கூட இல்லாத பொறாமை அது. அதனாலேயே அதற்கு வெளியே போக வழியில்லை.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். மறுபடி வந்தது, மறுபடி ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் பெரிய இதய மருத்துவரிடம் போனோம். "உங்க ஹார்ட் என்னோட ஹார்ட்ட விட நல்லா இருக்கும்மா" என்று அவர் சிரித்தார். என் கணவர் கும்பிட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே வராந்தாவில் ஆபரேஷன் முடிந்த ஒருவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. ஊருக்குக் காட்ட அவருக்கு ஒன்று இருக்கிறதே என்று அவர்மேல் பொறாமை வந்தது.

அந்த இதய மருத்துவர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே நோய்க்குப் பெயர் கிடைத்தது: பீதித் தாக்குதல் (ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடல் அபாயம் என்று எண்ணி, துடிப்பையும் மூச்சையும் திடீரென்று கூட்டிவிடும் நிலை). மாத்திரை கொடுத்தார். கூடவே உளவியலாளர் ஒருவரையும் (மருந்து தராமல் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்பவர்) பார்க்கச் சொன்னார். என் மாமியார் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் எனக்குப் பித்தம் என்று சொல்லிவைத்தார். நானும் அப்படியே சொன்னேன்.

கோயம்புத்தூருக்கு மாதத்தில் பல தடவை போக வேண்டும். பஸ்ஸில் கூட்டத்துக்குள் ஏறினாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆகவே மல்லிகா கூட்டிப்போனாள். அவள்மேல் பொறாமைப்பட்டு வந்த வியாதிக்கு அவள் காரிலேயே போய் வைத்தியம் பார்த்தேன்.

உளவியலாளர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னைவிட இளையவர். முதலில் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மாற்ற வேண்டாம், அடக்க வேண்டாம், வருவதையும் போவதையும் பார்த்தால் போதும் என்றார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இதை இப்போது சிகிச்சையாகவே சேர்த்திருக்கிறார்களாம். விழிப்போடு கவனித்தல் என்று தமிழில் சொன்னார். கண்ணை மூடினேன். மூச்சைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு இன்னும் சத்தமாக அடித்தது. தாக்குதல் வந்தேவிடும் போலிருந்தது. இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் பயிற்சி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் உடனே கண்ணைத் திறக்கச் சொல்லி, நாற்காலியில் முதுகு படும் இடத்தைக் கவனிக்கச் சொன்னார். பயந்தவருக்கு மூச்சு சில சமயம் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. முதுகு கொஞ்சம் தூரம். அதிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாவது பயிற்சிதான் என்னைக் கவிழ்த்தது.

"உங்களுக்கு ரொம்பப் பிரியமானவங்க ஒருத்தருக்கு இதே நோய் வந்திருக்குன்னு வச்சுக்கோங்க. அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க? அதையே உங்களுக்கும் சொல்லிப் பாருங்க" என்றார்.

எனக்கு மல்லிகாதான் தோன்றினாள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் மூச்சுக்குத் தவித்துத் தரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். இரக்கம் வரவில்லை. நாக்கில் வெல்லம் கரைவதுபோல ஒன்று வந்தது. கதவுக்கு வெளியே, பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்த யாருடனோ அவள் சிரித்துப் பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது.

மறைக்க நினைத்தேன், முடியவில்லை. "எனக்கு நல்லா இருக்குதுங்க. அவளுக்கு வந்தா நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "அதைச் சொல்றப்ப உடம்புல எங்க தெரியுது?" என்று கேட்டார்.

"தாடைக்குக் கீழ. காந்துதுங்க."

"சரி. விரட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் அங்கயே இருங்க."

இத்தனை வருஷமாக நான் அதைப் பாவம் என்று நினைத்து வந்தேன். விரதம் இருந்தேன், கோயிலுக்குப் போனேன். அது உடம்பில் ஓர் இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு சூடு இருக்கிறது, அதைப் பார்க்க முடியும் என்பது எனக்குப் புதிது. அன்று அவர் தன்பரிவு என்ற சொல்லைச் சொன்னார். தன்னிரக்கம் வேறு என்றார். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுவது தன்னிரக்கம். வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டு, வலிக்கிற இடத்தில் கை வைப்பது தன்பரிவு. "பொறாமையும் வலிதான்மா. கால்ல அடிபட்டா அந்தக் கால நாம மறுபடி அடிக்கிறதில்லையே" என்றார்.

உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே வைத்து, நான் மற்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் ஒன்றை எனக்கே சொல்ல வேண்டும் என்றார். எங்கள் கம்பெனியில் விரலில் தையல் ஊசி ஏறி அழும் பெண்களுக்குச் சொல்வது நினைவு வந்தது. பரவால்ல கண்ணு. வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. எனக்கு நானே கண்ணு ஆவதா? பல வாரம் வெறும் வாய்ப்பாடாகத்தான் சொன்னேன். அடுப்பில் கஞ்சி பொங்கிய ஒரு காலையில், சொல்லாமலே அது உள்ளே கேட்டது.

குணமாகிவிட்டேன் என்று நினைத்த சமயம் அவினாசி ரோட்டில் தாக்குதல் வந்தது. மதிய வெயில். மல்லிகா தன் மகளுக்குக் கோயம்புத்தூரில் கான்வென்ட் இடம் கிடைத்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். என் கைகள் மரத்தன. அவள் பயந்து வண்டியை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினாள்.

"என்னக்கா பண்ணுது? சோடா வாங்கியாரட்டுமா? திரும்பி ஆஸ்பத்திரிக்கே போயிரலாமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா இரு" என்றேன்.

சீட்டில் முதுகு படும் இடத்தைக் கவனித்தேன். அலை ஏறியது, நின்றது, இறங்கியது. சாகவில்லை. அந்தத் தெளிவில், யாரும் கேட்காமலே சொன்னேன்: "உன்னப் பாத்தாலே எனக்கு எரியுது மல்லிகா. உன் ஊட்டப் பாத்தா, இந்தக் காரப் பாத்தா. அதுதான் எனக்கு நோவு."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "தெரிஞ்சுதான் வண்டி எடுத்துட்டு வர்றேன்."

அடுத்த தடவை டிரைவரை அனுப்பினாள். அதற்கடுத்த தடவையும். பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து போனேன். அவளுடைய பேச்சு யாருக்குக் கிடைக்கிறதோ என்று, முகம் தெரியாத அவர்கள்மேலும் எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அந்த வாரம் திரும்பத் திரும்பத் தாக்குதல் வந்தது. உளவியலாளரிடம் சொன்னபோது, மன்னிப்புக் கேள் என்றோ, கேட்காதே என்றோ அவர் சொல்லவில்லை. தங்கையை இழந்த வருத்தம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அது வேறு இடத்தில் இருந்தது. தொப்புளுக்கு மேலே, குளிர்ச்சியாக.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை மல்லிகா எங்கள் செக்கிங் பக்கம் வந்து நின்றாள். அவர்கள் சரக்கில் தையல் பிரிந்திருந்ததாம். சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் முழு ஷிப்மென்ட்டையும் நிறுத்திவிட்டானாம். எல்லாப் பெட்டியையும் பிரித்து ஒவ்வொரு பீஸாகப் பார்த்தாக வேண்டும். "ஏனுங் மாமா, உங்க செக்கிங் பொண்ணுங்கள அனுப்ப முடியுங்களா?" என்று என் கணவரைத்தான் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

நாக்கில் வெல்லம் கரைந்தது. இந்தத் தடவை அதை அடையாளம் தெரிந்தது. வந்துட்டியா, வா, என்பதுபோல இருந்தேன். அது கரைந்து முடியட்டும் என்று விட்டேன். பிறகு பெண்களைக் கிளப்பிக்கொண்டு நானும் போனேன்.

அவர்கள் மேசை உயரமானது, குனிய வேண்டியதில்லை. வெளிச்சம் எங்களுடையதைவிட நல்லது. துணி கையில் வழுக்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை தாடைக்குக் கீழே காந்தியது. வேலை நடந்தது. மத்தியானத்துக்கு மேல் மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்று பீஸ் பிரித்தாள்.

"உனக்கு இப்பச் சந்தோசமா இருக்குமே" என்றாள், தலை நிமிராமல்.

"காலைல இருந்துச்சு. இப்ப கை வலிக்குது."

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அடுத்த தடவை அவளே வண்டி எடுத்தாள்.

மாத்திரையை மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைத்து நிறுத்தினேன். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாக்குதல் இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. பொறாமை போகவில்லை; போய்விடும் என்று உங்களுக்கு நான் வாக்குத் தர முடியாது. முன்பு எனக்கு இரண்டே காலம் இருந்தது: பாகம் பிரித்த அந்த நாள், இனி அவர்கள் இன்னும் உயரப் போகும் நாள். நடுவில் இருந்த பொழுதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உடம்பு மேசைக்கு முன்னால் நிற்கும் ஒரு சாமானாக இருந்தது.

போன தை மாதம் மல்லிகா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். கூடத்தில் கூட்டத்தோடு நின்றேன். தாடைக்குக் கீழே சூடு ஏறியது. கையை அங்கே வைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் சங்கிலியைச் சரிசெய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. செருப்பில்லாத காலுக்குக் கீழே சலவைக்கல் தரை சில்லென்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தரை கிடையாது. குளிர்ச்சி நன்றாக இருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.