அண்ணன் கேட்டுச் செய்துகொண்ட ஆபரேஷன்

என் அண்ணன் வேல்பாண்டி வீட்டுக்குள் வரும்போது செருப்பைத் தெருப்பக்கம் திருப்பிக் கழற்றி வைப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அரை மணியில் எழுந்து டாஸ்மாக் போகிறவருக்கு அது வசதி என்று எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

ராஜபாளையத்தில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்தவர். இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு முதலாளி அவரைத் துணி மடிக்கும் வேலைக்கு மாற்றினார். மதினி நாகஜோதி மம்சாபுரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து தங்கச்சி நான்தான் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டேன். குடியை நிறுத்த மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று முறை தங்கினார். மூன்று முறையும் வந்த வாரமே குடித்தார்.

சென்னையில் ஆராய்ச்சிக்காக ஓர் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று மதுரை டாக்டர் சொன்னார். மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி. குடிக்கத் தூண்டும் இடத்தை அந்தக் கரண்ட் அடக்குமாம். எல்லோருக்கும் பலிக்காதாம்.

“ஏட்டி, போயிப் பாத்துருவோம்” என்றார் அண்ணன்.

சென்னையில் டாக்டரம்மா விளக்கியதும், “கரண்டு போனா அம்புட்டு நேரமும் குடிச்சுக்கிடலாமா?” என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு பழைய சீட்டுகளைப் புரட்டியபோது முகம் மாறியது. நான்கு வருடத்துக்கு முன் அண்ணன் நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்திருந்தார். காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

“இதயத்துல கோளாறு இருக்கலாம். இந்த நிலையில உங்களைச் சேர்த்துக்க முடியாது.”

“எனக்கு வேற வழி இல்லம்மா.” அண்ணன் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கும்பிட்டார்.

அவர் மயங்கி விழுந்த காரணம் எனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரிடம் குடியை நிறுத்தும் பொடி வாங்கி, அண்ணனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தது நான். அந்தப் பொடி உள்ளே போனபின் குடித்தால் நெஞ்சு படபடக்கும்; அப்படித்தான் விழுந்தார். புது ஆட்களிடம் பெயர் சொல்லவே எனக்கு வாய் வராது. அவர் கும்பிட்டதைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா இதயப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்.

“எத்தனை நாளுட்டி போட்ட?”

“மூணு நாள்ண்ணே.”

“சரக்கு கெட்டதுன்னு கடைக்காரன்கிட்டல்லா சண்டைக்குப் போனேன்.” பரிசோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “மண்டையத் தொறக்கப் போறவுக கூட எங்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் செய்யுதாக.”

இதயத்தில் கோளாறு இல்லை. சம்மதப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதமாகிறது. இதுவரை இரண்டு தடவை குடித்திருக்கிறார். மடிக்கும் வேலைக்குத்தான் போகிறார். மதினி இன்னும் வரவில்லை. அண்ணன் என் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு வேண்டியதை அவரே பொங்கிச் சாப்பிடுகிறார்.