மூதூர்ப் படகுக்கு முன் ஒரு நன்றி

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்குக் காத்திருக்கிறேன். காலை மழை விட்டும் கடல் அடங்கவில்லை. எனக்கோ படகை விடக் கைப்பேசிதான் பயம். அமெரிக்காவில் இப்போது நன்றி நாள் இரவு. மருமகளின் தகப்பன், வெள்ளைக்காரர், அவர் வீட்டு மேசையில் எல்லாரும் ஆளுக்கொரு நன்றி சொல்வார்களாம். மகன் அழைப்பான், நானும் சொல்ல வேண்டும்.

மர வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூதூர்ப் பெண், "என்னக்கா, கடலுக்குப் பயமா?" என்கிறாள்.

விஷயத்தைச் சொல்கிறேன். கப்பலில் வந்து பசியில் கிடந்த வெள்ளையருக்கு அந்த மண்ணின் ஆட்கள் சாப்பாடு கொடுத்த நாளாம். பிறகு அவர்களுடைய காணியைப் பறித்ததை மறைக்கக் கட்டின கதை அது என்று மருமகள் சொல்ல, போன வருடம் தகப்பன் மேசையை விட்டு எழும்பிவிட்டார். "அதுகளைக் கதைக்காதேங்கோ அம்மா" என்று மகன் கெஞ்சியிருக்கிறான்.

"சாப்பாடு குடுத்த ஆக்கள்ட பிள்ளையள் அந்த மேசையில இருக்காங்களா?"

"இல்லைப் போல."

"எங்கட பள்ளிவாசல் கந்தூரிச் சாப்பாட்டுக்கு அரிசி தந்த வீட்டைக் கூப்பிடாட்டி ஊரே சண்டைக்கு வரும்" என்று சிரிக்கிறாள்.

கைப்பேசி அடிக்கிறது. திரை நிறைய முகங்கள்.

"முதல் சாப்பாடு குடுத்த ஆக்களுக்கு நன்றி" என்று சொல்லிவிடுகிறேன்.

மகன் மாமனாரை ஒருதரம் பார்க்கிறான். பிறகு எனக்காக ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொல்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். தமிழ் கொஞ்சம் விளங்கும் மருமகள் மட்டும் தட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.