அம்முலு வாங்கி வந்த படம்

அம்முலுவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நம்பர் தெரியும். உத்திரமேரூர் பக்கம் நடவுக்குப் போகிறவள்தான், ஆனால் மகள் ஷீபாவின் ரிப்போர்ட் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். கேட்டுப் பாருங்கள், தேதியோடு சொல்வாள்!

ஷீபாவுக்குத் தலசீமியா. பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாது. இந்த இருபத்துநாலு வயசிலும் மூன்று வாரத்துக்கொரு தடவை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்த ரத்தத்தோடு வருகிற இரும்பு, வெளியே போக வழியில்லாமல் ஈரலிலும் இதயத்திலும் படியும். அதை இறக்கத்தான் தினம் மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் இரும்பு நம்பர் இறங்கினால் அம்முலு சிரிப்பாள். ஏறினாலோ, அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

இதயத்தில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க வருஷத்துக்கொரு தடவை சென்னையில் எம்ஆர்ஐ படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். போன வருஷம் எடுத்ததுதான் முதல் படம்: பதிமூன்று. "இதயத்துல இரும்பு சேர்ந்திருக்கும்மா, ஜாக்கிரதை" என்று டாக்டர் அந்த நம்பரைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார்.

இந்த வருஷப் படத்தை வாங்க அம்முலு தனியாகப் போனாள். ஷீபாவுக்கு ஜெராக்ஸ் கடையில் லீவு கிடைக்கவில்லை. உறையைப் பிரித்து, டாக்டர் வட்டம் போட்ட அதே இடத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு.

ஏறாமல் என்ன செய்யும்? செய்த வேலை அவளுக்குத்தானே தெரியும்! பெண்ணின் முகம் வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் பேச்சைக் கேட்டு, இரண்டு மாசமாக ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, பொடியாக நறுக்கிப் போட்டு வந்தாள். தின்றால் ரத்தம் ஊறுமாம். இரும்புச்சத்துள்ள எதுவும் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டது காதில் ஏறினால்தானே!

ஊர் வந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் உறையை மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான்டி உன்னக் கெடுத்துட்டேன். கொழம்புல சுவரொட்டி போட்டேன்டி. பதிமூணு இருவத்திரண்டாயிடுச்சு."

"அறிவு கீதா உனுக்கு?" என்று ஷீபா சீறினாள். அப்புறம் காகிதத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"யம்மா, இது ஏறணும்மா."

"இன்னாடி சொல்ற?"

"இரும்பு இருந்தா படம் சீக்கிரம் கருத்துப்பூடும். கருக்க எவ்ளோ நேரம் ஆவுதோ, அதான் இந்த நம்பர். நேரம் ஜாஸ்தியானா இரும்பு கம்மி. இருவதத் தாண்டிட்டா பயமில்ல. இதயம் தேறிடுச்சும்மா!"

அம்முலு காகிதத்தை வாங்கி அந்த நம்பரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்: "ஒண்ணு எறங்கணும், ஒண்ணு ஏறணும்னா மனுசி இன்னாத்தக் கண்டா? இத எவன்டி கண்டுபுட்ச்சான்? என் உசுரே பூடுச்சு!"

"ஈரல்ல இரும்பு இன்னும் கீது. நாளையிலேர்ந்து சுவரொட்டி வூட்டுக்குள்ள வரக்கூடாது. சிட்டம்மாக்காவ நான் பாத்துக்கறேன்." ஷீபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சட்டென்று நிறுத்தி, அம்மாவைப் பார்த்தாள். "மெட்ராஸ்லேர்ந்து இத மனசுல வெச்சிகினு தனியாவா அழுதுகினு வந்த?"

"எங்கேர்ந்து அழறது? செங்கல்பட்டு வரிக்கும் சீட்டே கெடைக்கல, நின்னுகினு வந்தேன்."

ஷீபா தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்முலு அதில் உட்கார்ந்து, ஆசை தீர அழுதாள்.