அடுப்படிக்கு ஒரு கதவு

டப்பாவை அலமாரியில் வைத்த கையோடு அதன் இடுப்பில் ஒரு பழந்துணியைச் செருகிவிடுவார் மயில்சாமி. மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் நடுவில் ஒரு துணி. எண்ணெய்ப் போசிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துணி. கரண்டிகளைக் கம்பியில் கோத்துக் கட்டியிருப்பார். கேட்டால், "வண்டி கெளம்புனா உருளாதுங்" என்பார். அவருடைய வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே கெட்டிப் பாறைமேல் நிற்கிறது. எங்கேயும் கிளம்பாது.

இளவயதில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் உதவியாளாக ஏறியவர். சத்தீஸ்கரில் ஒரு காட்டோரத்தில் சமையல்காரர் சொல்லாமல் ஓடிப்போக, எட்டுப் பேர் பசியோடு நின்றார்கள். இவர் அரிசியைக் கழுவிப் போட்டார். அன்று வைத்த குழம்பை மனுசன் தின்ன முடியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மறுநாளும் அடுப்பை விடவில்லை. பிறகு வண்டியை ஓட்டினார், பாறையில் துளை போட்டார், ஒரு வண்டிக்குப் பங்குதாரரும் ஆனார். கரண்டியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. கம்ப்ரசர் இரைச்சலில் குழம்பு கொதிக்கும் சத்தம் எங்கே கேட்கும்? மூக்கால்தான் அறிந்துகொள்வார். இப்போதும் வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பவர், "பருப்பு அடி புடிக்குது" என்று பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார். எட்டுப் பேருக்குக் குறைவாகச் சமைக்க அவருக்கு இன்னும் வரவில்லை. வீட்டில் மூன்றே பேர். மிச்சமெல்லாம் மனைவி பேரில் அக்கம்பக்கத்துக்குப் போகிறது.

மனைவி பேரில் என்பதுதான் விஷயம். தமிழ்ச்செல்விக்குச் சமையல் பிடிக்காது. வராது என்றும் சொல்லலாம். கணவர் வடக்கே கிடந்த காலமெல்லாம் தோட்டம், மாடு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் விசைத்தறிக் கூடம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நடத்தியவர். ஓடும் தறியில் அறுந்த நூலைப் பார்க்காமலே பிணைக்கும் கை, தோசையைத் திருப்பினால் பிய்த்துவிடும். மயில்சாமி ஊருக்கு வந்துவிட்டால் அடுப்படி அவருடையது. ஆனால் சொந்தக்காரர்கள் வரும்போது மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. வந்தவர்களை வாங்க என்று கேட்டுவிட்டு, போனைக் காதில் வைத்து, "ரிக்கு பார்ட்டிங்க, ஒரு நிமிசம்" என்றபடி மயில்சாமி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தாளிப்பது, வறுப்பது, உப்புப் பார்ப்பது எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். தமிழ்ச்செல்வி எடுத்து வந்து பரிமாறுவார். "தமிழு கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று கூடத்தில் பேச்சு எழும்போது மயில்சாமி கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மாப்பிள்ளைக்கு எந்நேரமும் போன்தான் என்பது சொந்தக்காரர்களின் ஒரே குறை.

பழைய சமையல்கட்டு ஒழுக ஆரம்பித்தது. மகள் தனப்பிரியா இருவரையும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சமையல்கட்டு அமைத்துத் தரும் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். கிருத்திகா என்ற பெண் பெரிய திரையில் ஒவ்வொரு பாணியாகக் காட்டினாள். பளபளவென்ற வெள்ளைச் சமையல்கட்டு வந்தது. "ஆஸ்பத்திரியாட்டம் இருக்குது சாமி" என்றார் மயில்சாமி. பண்ணைவீட்டுப் பாணி வந்தது. "இதுக்கு நம்ம மாட்டுக்கொட்டாயே தேவலாம்" என்றார் தமிழ்ச்செல்வி. அடுத்து இண்டஸ்ட்ரியல் என்று ஒன்று. கறுப்பு இரும்புக் குழாய்களின்மேல் மரப்பலகை, எல்லாச் சாமானும் கண்ணெதிரே, டப்பா முன்னால் விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பி. மயில்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இதுதாஞ் சாமி! கம்பி வெச்சிருக்கறாங்க பாரு. துணியே வேண்டாம்."

"இது ஓப்பன் கிச்சனா வெச்சாத்தான் சார் எடுப்பா இருக்கும். ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல சுவரே இருக்காது" என்றாள் கிருத்திகா.

மயில்சாமியின் முகம் மலர்ந்தது. வெட்டவெளியில் போகிறவர் வருகிறவரிடம் பேசிக்கொண்டே சமைத்துப் பழகியவர். ஊட்டுக்குள்ள ஆக்கறது பெட்டிக்குள்ள உக்காந்தாப்ல இருக்குது என்று மகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் தமிழ்ச்செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. காரில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

"இரும்பு வேணும்னா வெச்சுக்கங்க. என்ன டிசைன் வேணும்னாலும் வெச்சுக்கங்க. கதவு ஒண்ணு வேணுங். சாத்தற கதவு."

"ஏம்புள்ள, அது தொறந்து இருந்தா..."

"என்ற அண்ணனூட்டுக்காரங்க முன்னால நீங்க கரண்டியோட நிக்கறதும், நான் உக்காந்து வேடிக்கை பாக்கறதும்... என்னால முடியாதுங். ஊட்டப் பாத்துக்கத் தெரியாதவன்னு சொல்லிருவாங்க."

இத்தனை வருசம் ஊட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்க மயில்சாமிக்கு நாக்குவரை வந்தது. கதவு வைக்காத கடைச் சாமான் வேண்டாம் என்று ஆட்டையாம்பட்டி ஆசாரி ஈஸ்வரை வரவழைத்தார். பழைய ரைஸ்மில் ஒன்றைப் பிரித்த தேக்குப் பலகை ஈஸ்வரிடம் இருந்தது. தனப்பிரியா கடையில் போனில் எடுத்துவந்த படத்தைப் பார்த்ததும் கையாலேயே செய்துவிடலாம் என்றார்.

"கதவு போட்டா இருட்டடையுமுங்ணா. இந்த டிசைனுக்கு ஒத்து வராதுங்."

"போடு ஈஸ்வரு. ஊட்டுக்காரி கேக்கறா."

பழைய சுவரை இடித்தார்கள். புதுசு முடியும்வரை அடுப்பு முன்வாசல் தகரப் பந்தலுக்கு வந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை மயில்சாமி நாட்டுக்கோழிக் குழம்பைக் கொதிக்கவிட்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிக்கொண்டிருந்தபோது, குமாரபாளையத்திலிருந்து தமிழ்ச்செல்வியின் அண்ணன் குருமூர்த்தியும் அவர் மனைவி சௌந்திரமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்.

"என்ன மாப்ள, நீங்க அடுப்புக்கிட்ட?"

மயில்சாமியின் கை இடுப்பைத் தடவியது. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. "தமிழு தறிக்குப் போயிருக்கறா. கொஞ்சம் கிண்டி வுடச் சொன்னாளுங் மச்சா."

"கிண்டறதாவது கத்துக்குங்க" என்று குருமூர்த்தி சிரித்தார்.

தலையில் பஞ்சு ஒட்டியபடி தமிழ்ச்செல்வி ஓடி வந்தார். பந்தலிலேயே இலை போட்டார்கள். மயில்சாமிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அவரும் பந்தியில் உட்கார்ந்தார். சௌந்திரம் ஒரு வாய் வைத்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார். "தமிழு, உன்ற கைக்கு வளையல் போடோணும் சாமி. எங்கூட்லயும் இதே கோழி, இதே மொளகாதான். இந்த ருசி எங்கிருந்து வருது?"

மயில்சாமி தன்னை மறந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து துண்டு துண்டாகக் கேட்ட பேச்சு இன்று நேரே வந்து காதில் விழுகிறது. இலையில் வைத்த கை அப்படியே நிற்க, அடுத்து என்ன சொல்வார் என்று சௌந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்தால் கையில் கரண்டியோடு தமிழ்ச்செல்வி. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நங்கையா" என்று தமிழ்ச்செல்வி அண்ணன் மனைவியைக் கூப்பிட்டார். "அவரு மூஞ்சியப் பாருங்க. நீங்க என்னயச் சொல்றீங்க, பூரிச்சுப் போயி உக்காந்திருக்கறது அவரு."

"ஏனாம்?"

"கொழம்பு வெச்சது அவருங். இன்னைக்கு மட்டுமில்லீங், எங்கூட்ல நீங்க தின்னது பூராவும் அவரு ஆக்குனது. நான் ஆக்குனா மாடுகூடத் திரும்பிப் பாக்காது."

குருமூர்த்தி மெல்லுவதை நிறுத்தினார். முதலில் பேசியது சௌந்திரம்தான். அதுவும் தமிழ்ச்செல்வியிடம் அல்ல.

"அப்ப போன நோம்பிக்குக் கொள்ளுப் பருப்பு கடைஞ்சிருந்தீங்களே, அதுல என்னத்தப் போட்டீங்க?"

"சீரகத்த வறுக்காமப் பச்சையாவே தட்டிப் போட்டனுங்" என்றார் மயில்சாமி, இலையைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப அந்தப் போனு?" என்றார் குருமூர்த்தி.

"போனே வரலீங் மச்சா. ஒருக்காலும் வரல."

குருமூர்த்திக்குச் சிரிப்பில் புரையேறி, சௌந்திரம் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் கிளம்பும்போது தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்குள்ள சொல்லிக்க வேண்டாம் தமிழு" என்றார். தமிழ்ச்செல்வி வண்டி திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொன்னாத்தான் என்ன" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தறிக்குப் போனார்.

மறுநாள் ஈஸ்வர் கதவையும் நிலையையும் சின்ன யானை வண்டியில் ஏற்றி வந்தார். தமிழ்ச்செல்வி வாசலிலேயே நிறுத்தினார்.

"அத எறக்காத ஈஸ்வரு. வேற ஆருக்காச்சும் ஆவும்."

ஈஸ்வர் மயில்சாமியைப் பார்த்தார். மயில்சாமி தரையைப் பார்த்தார்.

"அப்பச் செவுருங்க்கா?"

"செவுரும் வேண்டாம். அந்தக் கடைப்புள்ள காட்டுனாப்பலயே இருக்கட்டும். இரும்பு, பலகை, எல்லாந் தொறந்தாப்பல."

ஈஸ்வர் டேப்பை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். புதிதாய்ப் பூசிய பின்சுவரோரம் நின்று சுண்ணக்கட்டியை எடுத்தார். "மேடை உங்க ஒசரத்துக்கு வெச்சர்லாமுங்களாக்கா?"

தமிழ்ச்செல்வி கணவரின் தோளுக்குத்தான் வருவார். ஈஸ்வர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒன்றும் புரியாமல் நின்றிருந்த மயில்சாமியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து சுவரோடு சாய்த்து நிறுத்தி, "நிமுந்து நில்லுங்க" என்றார். அவருடைய முழங்கையை மடித்துப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே சுவரில் ஒரு கோடு இழுத்தார். கோடு மங்கலாகத் தெரியவும், அதன்மேலேயே இன்னொரு தரம் அழுத்தி இழுத்தார்.