முதல் ஆட்டம் ஆறு மணிக்கு

முந்தாநாள் விடியற்காலை ஐந்தரைக்கு நல்லமுத்து அண்ணனின் எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்று முறையும் துண்டித்தேன். கூடைப்பந்துதான், வேறென்ன இருக்கப்போகிறது என்ற எரிச்சல். நான்காவது முறை எடுத்து, "அண்ணா, மனுசனத் தூங்க உடுங்க" என்றேன். மறுமுனையில் அவர் மகள். "அப்பா போயிட்டாருங்க சார்" என்றார்.

திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர் அவர். பந்தைத் தொட்டு ஆடியவர் அல்லர். மகளின் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்கு வந்தவர், மகள் கல்யாணமாகிப் போன பிறகும் வந்துகொண்டே இருந்தார். நான் உடற்கல்வி ஆசிரியர்; மாவட்டப் பள்ளி அணியைத் தேர்ந்தெடுக்கும் மூவரில் ஒருவன். அதனால் என் உயிரைத்தான் வாங்குவார். என் மச்சினன் தாலி கட்டும் நேரத்தில் போன் செய்து, "பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள இடக்கையில போடுதுங்க" என்றவர் அவர்.

எங்கள் பக்கம் வெயிலுக்குப் பயந்து முதல் சுற்றைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவோம். தேர்வாளர்களான நாங்களோ குளித்து, டிபன் முடித்து, பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினரோடு வந்து இறங்குவோம். அதற்குள் சின்ன ஊர்ப் பள்ளிகள் தோற்று வேன் ஏறியிருக்கும். மிச்சமிருக்கும் பெரிய பள்ளிகளிலிருந்தே பன்னிரண்டு பேரையும் எழுதிவிட்டு, மாவட்டத்தில் திறமைக்குப் பஞ்சம் என்று மைக்கில் பேசுவோம். வெட்கக்கேடு. நானும் பேசியிருக்கிறேன்.

ஒரு வருடம் நான் போய் இறங்கியபோது, தோற்ற அணியின் வேன் ஒன்று வாசலிலேயே நின்றது. பின்சக்கரம் இரண்டிலும் காற்றில்லை. ஓட்டுநர் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் கைகட்டி நின்றார்.

"ஏனுங்க சார், வண்டி கெளம்ப நேரமாகுமாட்ட இருக்குது. அதுக்குள்ள இந்தப் புள்ளைங்கள ஒருக்கா ஆடச் சொல்லிப் பாருங்களேன்."

"காத்தப் புடுங்குனது யாருங்க?"

"நாந்தானுங்க. நீங்க பாத்து முடிச்சா நானே அடிச்சுக் குடுத்தர்றேன்."

அன்று அந்த அணியிலிருந்து நாங்கள் எழுதிய பெண் மாநில அணி வரை போனாள். நான் அவருக்கு நன்றியா சொன்னேன்? போட்டி நடத்தியவர்களிடம் அவர் மேல் புகார் கொடுத்தேன்.

போன வாரம் மறுபடி அழைத்தார். மல்லசமுத்திரத்துப் பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் நம்பர் பனியன் போட்டு ஆடும் பெண்ணாம், பிளஸ் டூ. "அதுக்கு இதுதான் கடைசி வருசம் சாமி. ஆறு மணிக்கு வந்துருங்க."

"சத்தியமா வாரேனுங்கண்ணா" என்றேன். போனது ஒன்பதே முக்காலுக்கு. அணி தோற்று, வேனும் போயிருந்தது.

"இந்தவாட்டி காத்தப் புடுங்கலீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"வாரேன்னு சொன்னீங்களே, அதனால உட்டுட்டேனுங்க" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

இழவு வீட்டில் அந்த ஒன்பதாம் நம்பர் பெண் பள்ளிச் சீருடையோடு அழுதுகொண்டு நின்றாள். பூங்கொடி என்ற பெயரையே அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாவட்ட அணிப் பட்டியல் இன்னும் மேலே போகவில்லை. தேர்வாளர்கள் மூன்று பேரும் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால் ஒரு பெயரைச் சேர்க்கலாம். மற்ற இருவரிடமும் கெஞ்சினேன். அவள் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு, இன்று காலை ஆறு மணிக்கு அணியை வரவழைத்தேன்.

இதை மைதானத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டேன், அண்ணா. பூங்கொடி ஆடுவதைப் பார்த்தேன். நீங்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது மணி எட்டேகால். மற்ற இருவரும், "டிபன் சாப்பிட்டுட்டே இருக்கறோம், வந்தர்றோம்" என்கிறார்கள். பள்ளிக்கு நேரமாகிறது என்று வேன் ஓட்டுநர் என்னைக் கண்டபடி திட்டுகிறார். திட்டட்டும்.

நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். பின்சக்கரம் இரண்டிலும் காற்றை நானே பிடுங்கிவிட்டேன்.